மேசைக்கு மேலே சட்டை, கீழே கைலி

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொன்னதிலிருந்து, தணிகைவேல் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கைலியுமாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"பஸ்ஸில் கசங்க வேண்டியதில்லை. அந்த மட்டும் நிம்மதி" என்றது சட்டை.

"எனக்கு இது பதவி உயர்வு" என்றது கைலி. "பேன்ட் அலமாரியில் தூங்குகிறது, நான் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன்."

அன்று மாலை அவருடைய நாலு வயது மகள் மதுமிதா கதவருகே வந்தாள். மேசைக்குக் கீழே கைலியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். பாதியில் நிமிர்ந்து சட்டையைப் பார்த்தாள். அப்படியே நின்று, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.



"முன்பெல்லாம் உன்னைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் என்னைக் கட்டுவார். என்னைப் பார்த்தாலே பிள்ளை வந்து மடியில் ஏறிக்கொள்ளும்" என்றது கைலி. "மணி ஏழரை ஆகிறது. நீ எப்போதுதான் கிளம்புவாய்?"

சட்டை யோசித்தது.

"ஆறே கால் பஸ் போய்விடும் என்றுதான் அப்போதெல்லாம் ஆபீஸில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்" என்றது. "இப்போது எந்த பஸ் போய்விடப் போகிறது?"