இருக்கிறதுலயே பெரிய சக்கரம்

"இருக்கிறதுலயே பெரிய சக்கரம் எதுவோ, அதை முன்னாடி மாட்டு," என்றார் பல் டாக்டர்.

மெக்கானிக் அவருடைய க்ரூசர் பைக்கைச் சுற்றிவந்து பார்த்தார். "ஃபோர்க்குக்குள்ள நுழையாது டாக்டர். வண்டியோட கழுத்தை வெட்டி, சாய்ச்சு, வெல்டு வைக்கணும்."

"வெட்டு." பல்லைப் பிடுங்கும்போது வரும் அதே நிதானம்.

"வளைவுல திரும்பாம அடம் பிடிக்கும். சின்னப் பள்ளத்துக்கே இடுப்பு போயிடும்."

"போகட்டும். பின் சீட்டுலயும் அந்தப் பழைய முள் வச்ச ஸ்பீடு மீட்டர்லயும் மட்டும் கை வைக்காதே."

வண்டியே ராட்டினமாகப் போகிறது, இந்த மனுஷன் பழைய மீட்டருக்கு உருகுகிறாரே என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் டாக்டர் மாப்பிள்ளை மிடுக்கோடு ஏறிப் போனார். மறு வாரமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"பழைய சக்கரத்தையே மாட்டிடுப்பா."

"இடுப்பு போச்சா?"

"அதில்லப்பா. முள் நாற்பதைத் தொட்டா, பின்னாடி உக்காந்திருக்கிற என் வீட்டுக்காரி தோள்ல குத்துவா. மீட்டர் ஓடுறது முன் சக்கரத்துலதானே? சக்கரம் பெருசானா மெதுவா சுத்தும், முள் குறைச்சுக் காட்டும், நான் ஐம்பதுக்கு மேலயே பறக்கலாம்னு பார்த்தேன்."

"பறந்தீங்களா?"

"இந்தச் சக்கரத்துல அவளுக்கு நாற்பதே பயமா இருக்காம். இனிமே முப்பதைத் தொட்டாலே குத்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முள் முப்பது காட்டும்போது வண்டி ஓடுறது அதே பழைய நாற்பதுதான்."

மெக்கானிக் ஸ்பானரைத் தேடி எடுத்தார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே டாக்டர். உங்க மீட்டர் முன் சக்கரத்துல இல்ல, பின் சீட்டுல இருக்கு."