ஜன்னல் காமிரா

“ஏங்க, எதிர் வீட்டுப் பெரியவரு ஜன்னல்ல காமிரா வெச்சிருக்காரு. நம்ம மாடியையே பார்த்துட்டு நிக்குது.”

முருகவேல் இட்லித் தட்டிலிருந்து நிமிரவில்லை. “தமிழு, நீ துணி காயப் போடறதை யாரு ஃபோட்டோ புடிப்பாங்க?”

“நாலு நாளா பார்க்கிறேன். வெளையாட்டு இல்லைங்க.”

“ஆவணியில மாடிக்குப் பால் காய்ச்சினப்ப சுவர்க் கடிகாரம் கொடுத்த மனுஷன்டி.”

“கொடுத்துட்டு ஒரு வாய் சாப்பிடாம ஓடினாரே. அப்பவே நெனச்சேன், ஆளு சரியில்லைன்னு.”

அவன் வேலைக்குக் கிளம்பியதும் தமிழ்செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டு கேட்டைத் தட்டினாள். தட்டிய தட்டில் பக்கத்து வீட்டு ராணியம்மாளும் வெளியே வந்து நின்றாள்.

பெரியவர் சடையன் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். “வாம்மா.”

“விருந்துக்கு வரலைங்க. மக வயசுப் பொண்ணு துணி காயப் போடற எடத்துக்கு நேரா காமிரா வெக்கிறீங்களே, நல்லா இருக்கா?”

சடையன் ஒருதரம் ராணியம்மாளைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“அது சார்ஜ் ஏறுதும்மா. பையனோட பழைய காமிரா. அந்த ஸ்டாண்டுல நிக்க வெச்சாதான் ஏறும்.”

“அதுக்கு ஜன்னல்தான் கெடச்சுதா?”

“பிளக்கு அங்கதான் இருக்கு. உள்ள வந்து நீயே பாரு.”

“பார்க்காம போறதா இல்லை.”

உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி சந்திரம்மாள். படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம். காமிரா நின்ற ஸ்டாண்டிலிருந்து ஒரு ஒயர் டிவிக்குப் போயிற்று.

சடையன் பட்டனை அழுத்தினார். டிவியில் மலை. மறுபடி அழுத்தினார். மலை, உச்சியில் மேகம். அடுத்தது, மழையில் நனைந்த மலை. எத்தனை தள்ளியும் மலைதான்.

“தினம் விடிஞ்சதும் தெருக்கோடிக்குப் போயி எடுத்துட்டு வருவாரு,” என்றாள் சந்திரம்மாள். “மலையைப் பார்த்தாதான் எனக்குக் காபி எறங்கும். ஃபோன்ல காட்டினா தெரிய மாட்டேங்குது. கண்ணு கம்மி.”

“வெளிய நிக்கிற அந்தம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடும்மா,” என்றார் சடையன் மெதுவாக.

தமிழ்செல்விக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஏதாவது பேசிச் சமாளிக்கப் பார்த்தாள். “ஜன்னலோரமாத்தானே படுத்திருக்கீங்க. இங்கருந்தே மலை தெரியுமேம்மா?”

“அதெல்லாம் விடும்மா. காபி குடிக்கிறியா?” சடையன் அவசரமாகக் குறுக்கே புகுந்தார்.

சந்திரம்மாள் சிரித்தாள். “தெரிஞ்சுது தாயி. போன ஆவணி வரைக்கும்.”

தமிழ்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம், முழுசாக நின்றது அவள் வீட்டுப் புது மாடி. கொடியில் காலையில் அவள் போட்ட துணி காய்ந்துகொண்டிருந்தது.