பாதி நீட்டிய கை

அந்தச் சீனத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்காகத் தான் வெட்டவைத்த தாமரைக் குளத்தைத் தலைமையாசிரியை ருயி பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியில் காலை உடற்பயிற்சி இசை கிளம்பியது. அவ்வளவுதான். நரைத்துப்போன பழைய மாணவர்கள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் காலத்து மைதானத்தில் தினமும் இந்தப் பயிற்சிக்குத் தாங்கள் வரிசையில் நின்ற இடங்களைத் தேடிப் போனார்கள். ஒருவர் சைக்கிள் கொட்டகைக்குள் நின்றார். இன்னொருவர் ரோஜாப் பாத்தியில். காவ் யுன்ஷெங் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று இசைக்கேற்பக் கைகளை உயர்த்தினார்.

ருயி பதறிவிட்டாள். “ஐயா, வழுக்கும், மேல வாங்க!”

“நான் என் இடத்துலதாம்மா நிக்கிறேன். குளம்தான் நடுவுல வந்துடுச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கவாட்டில் நீள வேண்டிய அவருடைய இடது கை பாதியிலேயே மடங்கி நின்றதைக் கண்டதும் வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. “இடது கையை நல்லா நீட்டுங்க!”

“நீட்டினா சூயிங் மூஞ்சில பட்டுடும்மா. படிச்ச காலம் பூரா அவ இந்தப் பக்கந்தான் நின்னா.”

ருயி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் இடம் பிடித்துவிட்டிருந்தார்கள். கரைக்கல்லில் ஒரு மூதாட்டி மட்டும் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.