அலெக்ஸின் வலது கால்

வாசலில் தடாலென்று ஏதோ விழுந்தது. தேவசகாயம் எட்டிப் பார்த்தார். கூரியர்காரர் கையை உதறிக்கொண்டிருந்தார்.

"கல்லையா அனுப்பியிருக்காங்க? என்னா கனம்யா."

தேவசகாயம் திண்டிவனத்தில் மாதா கோயில்களுக்குச் சொரூபம் வார்ப்பவர். மகன் அலெக்ஸ், அந்தமானில் ஆளில்லாத தீவு ஒன்றில், புதைபடிவம் தேடும் குழுவோடு கூலி வேலையில் இருந்தான். அங்கே பாறையில் பதிந்திருந்த ஒரு காலடிக் குழியில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்து, நகல் வார்க்கச் சொல்லி அப்பாவுக்கு அனுப்பியிருந்தான்.

ஏதோ மிருகத்தின் கால் என்று நினைத்துத்தான் தூசியைத் துடைத்தார். மனிதப் பாதம். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியிருந்தன. அலெக்ஸ் பிறந்த நாளிலிருந்து அவர் பார்த்து வரும் வலது கால்.

குழுவின் சாட்டிலைட் போனில் அலெக்ஸ் கிடைத்தான்.

"ஏன்டா, ஈர மணல்ல மிதிச்சி எடுத்து அப்பனுக்கே பூ சுத்துறியா?"

"மணல் இல்லப்பா. தடத்து மேல மூடியிருந்த பாறையை உடைச்ச அன்னிக்கே ஊத்தி எடுத்தது. ரெண்டு கோடி வருசத்துத் தடமாம். நீ பயந்துக்குவன்னுதான் சொல்லல. இங்க எல்லாரும் என் காலையே பார்த்துக்கினு இருக்காங்க."

நகலுக்குக் கலக்கிய பிளாஸ்டர் சட்டியிலேயே இறுகிக்கொண்டிருந்தது. தேவசகாயம் அதைக் கவனிக்கவில்லை.

"வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஜல்தி படகு ஏறி வந்துடுடா."

"படகுக்குத்தான் நடந்துக்கினு இருக்கேன்பா," என்றான் அலெக்ஸ். "பாறையில அந்தத் தடமும் வரிசையா இதே பக்கமா கடல் வரைக்கும் போவுது. திரும்பி வந்த தடம்தான் ஒண்ணுகூட இல்ல."