கப்பல் குழாயில் ஒரு மடக்கு

"சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. ஒரே ஒரு மடக்குதான் குடிச்சேன்."

கப்பல் அறையின் குழாயடியில் நின்று கண்டக்டர் இதைச் சொன்னபோது, கையிலிருந்த டம்ளர் காலியாக இருந்தது. கண்டக்டர் என்றால் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"ஒரு மடக்குக்கு மீசை ஏன் இப்படிச் சொட்டுது?" என்றாள் மனைவி.

"மாத்திரை தொண்டையில நின்னுடுச்சு. உன் கேன் மூடியைத் திறக்கறதுக்குள்ள கண்ணு முழி வெளியில வந்திருக்கும்."

"வந்தா உள்ளே தள்ளியிருப்பேன். வயித்துக்குள்ள போனதை இப்ப யாரு வெளியே எடுக்கறது?"

விஷயம் இதுதான். வாழ்நாளெல்லாம் கடலைக் கரையில் நின்றே பார்த்த கண்டக்டருக்கு, ஒரு தடவையாவது அதன் மேல் போய்வந்துவிட வேண்டும் என்று ஆசை. மனைவியைச் சம்மதிக்க வைப்பதற்குள் பாதித் தலைமுடி போய்விட்டது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு கிளம்பினாள். கப்பல் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. போனால், வருகிற முதல் துறைமுகத்தில் இறங்கி, பஸ் பிடித்து நேரே வீடு. அதற்காகவே வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைக் கேன் கேனாகச் சுமந்து வந்திருந்தாள். அதனால் துணி வைக்க இடமில்லாமல், கண்டக்டர் போட்டிருந்த சட்டையோடு உள்ளூர்த் துறைமுகத்தில் கப்பலேறியிருந்தார்.

"குழாய்க்கு மேலயே எழுதி ஒட்டியிருக்கான், குடிக்கலாம்னு."

"உங்க பஸ்லயும்தான் எழுதியிருந்துது, எச்சில் துப்பாதீர்னு. எவனாவது கேட்டானா?"

அறைக்கு ஜன்னல் கிடையாது. கொடுத்த காசுக்கு, ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கடல் படம் மாட்டியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார் மனைவியின் அண்ணன். தங்கைக்குத் துணையாக வந்தவர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இனிமேல்தான் நடக்க வேண்டும்.

"தப்புப் பண்ணிட்டீங்களே மாப்ளே. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கப்பல் தண்ணியில வாய் கொப்புளிச்சார். வெறும் கொப்புளிப்புதான், முழுங்கக்கூட இல்ல. ஊருக்கு வந்ததும் மீசையில உப்பு பூத்துப்போச்சு. அவர் சம்சாரம் ஒரு மாசம் கடையில உப்பே வாங்கலை."

"நீங்க பார்த்தீங்களா மச்சான்?"

"பார்த்தேனாவா? அவங்க வீட்ல சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருந்துது."

"அப்போ இந்தக் கேப்டன் எல்லாம் எதைக் குடிக்கிறாராம்?"

"அவருக்கு வீட்லேர்ந்து பாட்டில்ல வருது."

"நடுக்கடலுக்கா?"

"மீன்காரங்க படகுல குடுத்தனுப்புவாங்க. இதெல்லாம் வெளியில சொல்லமாட்டாங்க மாப்ளே."

கண்டக்டர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அடிவயிற்றில் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. கொஞ்சம் பொறுத்து, எழுந்தே உட்கார்ந்தது.

"கப்பல் ரொம்ப ஆடுதே," என்றார்.

மற்றவர்கள் சொன்னால் சந்தேகப்படலாம். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நின்று டிக்கெட் கிழித்த கால்கள் அவருடையவை. தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தூக்கத்திலும் சொல்லும். இப்போது இரண்டு பக்கமும் என்று சொல்லின. வழக்கப்படி கால்களை அகட்டி வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆடலையே?" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ குடிக்கலையே," என்றார் அண்ணன். "குடிச்சா, உள்ளே இருக்கிற தண்ணியும் வெளியே இருக்கிற தண்ணியும் ஒண்ணையொண்ணு கூப்பிட ஆரம்பிச்சிடும்."

கண்டக்டர் அப்படியே கட்டிலில் சரிந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

மனைவிக்குக் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஐயையோ, கண்ணு ரெண்டும் உள்ளே போயிடுச்சே! ஏங்க, விசில் ஊதி நிறுத்தச் சொல்லுங்க இந்தக் கப்பலை!"

"இது என் வண்டியாடி?" என்று முனகினார்.

அவள் ஒரு கேனைத் திறந்தாள். அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, வீட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். ஒரு மடக்கு இறங்கியதும் கண் திறந்தது. அரை டம்ளரில் வயிறு அடங்கியது. அது தீர்வதற்குள் தரையும் ஆடாமல் நின்றுவிட்டது.

"இது தண்ணி," என்றார் கண்டக்டர், உதட்டை நக்கிக்கொண்டு. "என்ன ருசி! அதுவும் ஒரு தண்ணியா? வாயில வெச்சதுமே எனக்குத் தெரிஞ்சுது."

"பழகின நாக்கை ஏமாத்த முடியுமா?" என்றார் அண்ணன்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் கடல் பார்க்கணுமா?"

கண்டக்டர் சுவரிலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார். "பார்த்தவரைக்கும் போதும். முதல் துறைமுகத்துலயே இறங்கிடலாம்," என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடினார்.

அவள் மணியை அழுத்தினாள். அறைப் பணியாளர் வந்து நின்றார்.

"தம்பி, இந்தக் கப்பல் தண்ணி இவருக்கு ஆகலை. எந்தக் கரை முதல்ல வருதோ, அங்க எங்களை இறக்கி விட்டுடுங்க."

"அதுக்கென்னம்மா, இப்பவே இறங்கிக்கலாமே," என்றார் பணியாளர். "படிக்கட்டை இன்னும் எடுக்கலை. கப்பலுக்குத் தண்ணி ஏத்தி முடிச்சாத்தான் கிளம்புவோம். உங்க ஊர்க் குழாய்ல இன்னிக்கு வேகம் கம்மி."