தண்ணீர் விடுகிறவள்

அணைக்கு அடியில் இருக்கும் மின்நிலையத்தின் ஜன்னலில் கடைசி வெயில் சாய்கிறது. சமவெளியில் சூரியத் தகடுகள் ஓயும் நேரம் இது. சுவரில் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் காட்டி ஒளிரும் சிவப்பு எண், நிற்க வேண்டிய ஐம்பதை விட்டு மெல்ல இறங்குகிறது. இன்னும் இறங்கினால் ஊரெல்லாம் இருட்டு. அவள் மேசைமேல் இருக்கும் போனையே பார்க்கிறாள். நகரத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் கணவன் தினமும் இந்நேரத்துக்குக் கூப்பிட்டு, “தண்ணிய விடும்மா” என்பான். இன்று போன் வாயைத் திறக்கவில்லை. எண் தானாகவே ஏறி ஐம்பதில் வந்து உட்கார்கிறது. எல்லாம் நகரத்தில் புதிதாக வந்து இறங்கிய, மிஞ்சும் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் குறையும்போது கொடுக்கும் பேட்டரிப் பெட்டிகளின் வேலை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அவனுக்கு அதே பேச்சுதான்: “அவ இருக்கா, இனிமே எனக்குக் கவலையே இல்ல.” பேட்டரியை அவன் ‘அவள்’ என்றுதான் சொல்கிறான். இவளுக்கு வயிறு எரிகிறது. யாரும் சொல்லாமலே குமிழைத் திருகுகிறாள். மலைத் தண்ணீர் குழாயில் இரைந்து இறங்குகிறது, தரை அதிர்கிறது, டம்ளரில் ஆறிப்போன தேநீர் நடுங்குகிறது. எண் ஐம்பதைத் தாண்டி ஒரு முடி அளவு ஏறுகிறது. உடனே போன் அடிக்கிறது.

“யாரைக் கேட்டு விட்டே?”

“கை பட்டுடுச்சுங்க. ரொம்ப ஏறிடுச்சா?”

“அதெல்லாம் இல்ல. நீ விட்டது மொத்தத்தையும் அவளே வாங்கி வச்சுக்கிட்டா.” அவன் குரலில் அப்படி ஒரு பெருமை.

அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். எண் ஐம்பதில் அசையாமல் நிற்கிறது. காலடியில் அவளுடைய இயந்திரம் முழு மூச்சோடு சுழன்று அந்தப் பெட்டிகளின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறது.