அடி தட்டாத வாசல்

பெற்ற மகனை வந்த காலோடு கிளப்பி அனுப்புகிற அப்பனை என்னவென்று சொல்வது? தெய்வாத்தாளுக்கு வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சுங்களா?"

அவள் புருசன் குமாரசாமி காலியாகக் கிடந்த கார் ஷெட்டைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவள் கத்தியதிலும் நியாயம் இல்லாமலில்லை.

தாராபுரத்தில் அவர்களுடையது மேட்டு வீடு. ஒரு மழைக்கு அமராவதி ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் புகுந்ததிலிருந்து, வீட்டையும் ஷெட்டையும் இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டார் குமாரசாமி. வாசல் சரிவு செங்குத்தாகிவிட்டது. டிராக்டர் ஏறும். மகன் தீபக்கின் கார் ஏறாது. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு போகிற கார் அது. முதல் தடவை ஏற்றினபோது அடி தட்டிய சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

பலகை போட்டுப் பார்த்தார்கள். கோணலாக ஏற்றிப் பார்த்தார்கள். எல்லாரும் இறங்கிக்கொண்டு வெறும் வண்டியாகவும் ஏற்றிப் பார்த்தார்கள். ஊஹும்.

அதற்கப்புறம் தீபக் பீளமேட்டு வீட்டிலிருந்து வருவான், காரைத் தெருவில் நிறுத்துவான், விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் ஒரு காப்பி குடிப்பான், கிளம்பிவிடுவான்.

"இருந்துபோட்டுக் காத்தால போலாமில்ல சாமி?"

"ராத்திரி காரைத் தெருவுல உட முடியாதுங்கம்மா. எவனாச்சும் கோடு இழுத்துட்டான்னா?"

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுத்தான். தெய்வாத்தாளுக்கு இருந்ததோ ஒரே ஒரு ஆசை. மகன் இந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டும். புருசனைப் பிடித்து நச்சரித்தாள். கடைசியில் ஷெட்டுத் தரையைப் பெயர்த்து, கீழே இறக்கி, சரிவை உள்ளேயே நீளமாக இழுத்துக் கான்கிரீட் போட்டார்கள்.

"மழை வந்தா ஷெட்டுக்குள்ள தண்ணி நிக்குமுங்க," என்றார் கொத்தனார்.

"நின்னாப் போகுது, என்ற பையன் வந்து தங்கினாச் செரி," என்றாள் தெய்வாத்தாள்.

இன்று மத்தியானம் தீபக்கும் அவன் பெண்டாட்டி வர்ஷினியும் வந்தார்கள். கார் எங்கும் தட்டாமல், வெண்ணெயில் வழுக்கின மாதிரி உள்ளே போய் நின்றது. தெய்வாத்தாளுக்குச் சந்தோசத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"பாத்தியா கண்ணு? இனி என்ன கொறை? ரெண்டு நாளு இருந்துட்டுத்தான் போகோணும்."

தீபக் வர்ஷினியைப் பார்த்தான். வர்ஷினி கீழே பார்த்தாள்.

"ராத்திரி ஆபீஸ் வேலை இருக்குதுங்கம்மா. நெட்டு இல்லாம முடியாது."

"உங்கப்பா போன வாரமே கனெக்சன் வாங்கிப்போட்டாரு!"

"இவளுக்கு ஏசி இல்லாமத் தூக்கம் வராதுங்க."

"மாடி ரூம்புல மாட்டியாச்சு சாமி. புத்தம் புதுசு!"

"மாத்துத் துணி கொண்டாரலையே..."

"உனக்கு வேட்டி, அம்மணிக்கு நைட்டி, அல்லாம் எடுத்து வெச்சிருக்கறேன். நீ ஏங்கண்ணு கவலைப்படறே?"

தீபக் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஜெயித்துவிட்ட தெம்பில் தெய்வாத்தாள் சமையலறைக்குள் ஓடினாள். கோழிக் குழம்புக்கு மல்லி வறுத்துக்கொண்டிருந்தபோது குமாரசாமியின் குரல் கேட்டது.

"ஏங்கண்ணு, ஒண்ணு சொல்ல மறந்துபோட்டேன். கான்கிரீட்டு இன்னும் செரியா இறுகலையாமா. ராத்திரி பூராவும் வண்டி நின்னாத் தாங்காதுன்னு கொத்தனார் சொன்னாப்டி. இருட்டறதுக்குள்ள எடுத்துரு."

கரண்டியோடு ஓடி வந்தாள் தெய்வாத்தாள்.

"என்ன பேச்சுங்க இது? நம்ம பக்கத்தூட்டு லட்சுமணசாமியண்ணன் தேங்காய் டெம்போவை லோடோட ரெண்டு ராத்திரி இதும்மேலதான நிறுத்தியிருந்தாரு? ஒரு கீறல் உழுந்துச்சுங்களா?"

"அது வேற, இது வேற. நீ சும்மா இரு."

"அப்பா சொல்றதும் செரிதானுங்கம்மா," என்றான் தீபக். கார் சாவி அதற்குள் அவன் கைக்கு வந்திருந்தது. "வெடிப்பு உட்டுருச்சுன்னா சங்கடம். அடுத்த நோம்பி லீவுக்குக் கண்டிப்பா வந்து தங்கறோம்."

குழம்பு கொதிப்பதற்கு முன்பே கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அதற்குத்தான் இந்தச் சத்தம். தெய்வாத்தாள் இன்னும் அடங்கவில்லை.

"கல்லு மனசுங்க உங்களுக்கு! நாலு மூட்டை சிமெண்ட்டு, பெத்த பையனைவிடப் பெருசாப் போச்சா? வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுது! இன்னைக்கு அவன் இருந்திருப்பான். நீங்கதான் தொரத்திப்போட்டீங்க."

சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

குமாரசாமி மெதுவாக நிமிர்ந்தார். அவர் கண்ணும் சிவந்துதான் கிடந்தது.

"புள்ள, நீ சந்தோசத்துல இருந்தே, அவன் மூஞ்சியப் பாக்கலை. நெட்டுன்னான், இருக்குதுன்னே. ஏசின்னான், இருக்குதுன்னே. துணின்னான், அதையும் எடுத்து வெச்சுட்டே. அப்பறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்லாம, வேர்த்துப்போய் நின்னான்."

"அதுக்கு?"

"'எனக்கு இங்க இருக்கப் புடிக்கலைங்க'ன்னு வாய்விட்டுச் சொல்லிப்போட்டான்னா, அப்பறம் அவன் இந்தப் பக்கமே வரமாட்டான் புள்ள. அதான், போறதுக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக் குடுத்தேன்."